தைல விளம்பரம் மூணாவது தடவையும் திரும்பி வந்திருச்சு. தமிழ்ல போட்டா இப்படித்தானா?

2 பிப்ரவரி 2025, மாலை 6.10 (கேள்வி)

பெருமாள்மலையில் சின்னதாகத் தைலம் காய்ச்சி விற்கிறோம். அப்பா காலத்துத் தொழில். ஆன்லைனில் விற்றுப் பார்க்கலாம் என்று நான்தான் இறங்கினேன். மூன்று தடவை விளம்பரம் கொடுத்தேன், மூன்று தடவையும் ரிஜெக்ட். எழுதியது இவ்வளவுதான்: "உங்களுக்கு மூட்டுவலியா? தீராத சளியா? ஒரே வாரத்தில் பறந்துபோகும்! கொடைக்கானல் ஒரிஜினல் யூக்காலிப்டஸ் தைலம், 100 மில்லி." படம், சிவந்துபோன ஒரு முழங்கால், பக்கத்தில் பாட்டில். இதில் என்ன பொய் இருக்கிறது? சிநேகிதன் இங்கிலீஷில் சோப்பு விளம்பரம் போட்டான், அரை மணி நேரத்தில் ஓகே ஆகிவிட்டது. தமிழ் என்றால் மெஷினுக்குப் புரியாமல் தள்ளிவிடுகிறது என்றுதான் நினைக்கிறேன். அனுபவப்பட்டவங்க சொல்லுங்கண்ணே.

2 பிப்ரவரி, இரவு 9.45 (பதில்)

தமிழ் காரணம் இல்லை தம்பி. முதல் வார்த்தைதான் காரணம். "உங்களுக்கு" என்பதை எடுத்துவிட்டுப் போட்டுப் பார். முழங்காலையும் எடு. இன்றைக்குச் சந்தை நாள், கால் ஓய்ந்துவிட்டது. மீதி நாளைக்கு.

3 பிப்ரவரி, காலை 7.20

நாயுடுபுரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். 2018-லிருந்து அக்கம்பக்கத்து ஆட்களுக்கு விளம்பரம் போட்டுக் கொடுக்கிறேன். சாக்லேட், பூண்டு, தேன், காட்டேஜ். திரும்பி வந்ததையெல்லாம் பிரிண்ட் எடுத்தால் ஒரு ரீம் பேப்பர் காலியாகும்.

அனுப்பியதும் முதலில் பார்ப்பது மெஷின். பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் முடிவு வந்துவிடும். எழுத்தை மட்டும் பார்ப்பதில்லை. படம், படத்துக்குள் இருக்கிற எழுத்து, யாருக்குக் காட்டச் சொல்கிறோம், அழுத்தினால் எந்தப் பக்கம் திறக்கிறது, அங்கே என்ன எழுதியிருக்கிறது, எல்லாம் சேர்த்தி. பேஸ்புக், இன்ஸ்டாகிராம் நடத்துகிற மெட்டாவின் விளம்பர விதிகளில் தனிப்பட்ட அடையாளம் பற்றி ஒரு பிரிவு இருக்கிறது. பார்க்கிறவருடைய மதம், வயது, நோய், பணக்கஷ்டம், பெயர்கூட, நமக்குத் தெரியும் என்கிற தோரணையில் பேசக் கூடாது. "தைலம் கிடைக்கும்" என்றால் அது கடைப் பலகை. "உங்களுக்கு மூட்டுவலியா" என்றால் ரோட்டில் போகிறவரைக் கையைப் பிடித்து நிறுத்துவது.

கையைப் பிடித்து நிறுத்துவதுதானே நம்ம வியாபாரம் என்று கேட்பாய். வாஸ்தவம். என் தாய்மாமா கொடைக்கானல் ஏழுரோட்டுச் சந்திப்பில் தைலம் விற்றவர். பஸ்ஸிலிருந்து இறங்குகிற ஒரு அம்மா இடுப்பில் கை வைத்தால் போதும். "என்னத்தா, இடுப்பா? வத்தலக்குண்டுலருந்து நின்னுக்கிட்டே வந்தீகளா?" என்று ஆரம்பித்துவிடுவார். அந்தம்மா ஊர்க்கதை சொல்லி முடிக்கும்போது பையில் ரெண்டு பாட்டில் இருக்கும். மாமா இன்றைக்கு இருந்து அதே பேச்சை விளம்பரமாகப் போட்டிருந்தால் அக்கவுண்ட் ஒரு நாள் தாங்கியிருக்காது.

3 பிப்ரவரி, மதியம் 2.05

"உங்களுக்கு" எடுத்துவிட்டு "மூட்டுவலியால் அவதிப்படுகிறீர்களா?" என்று போட்டாயாம், அதுவும் திரும்பி வந்ததாம். என் தப்பு. அரைகுறையாகச் சொல்லிவிட்டேன்.

தமிழில் "நீங்கள்" தனியாக நிற்கவேண்டிய அவசியமே இல்லை, வினைச்சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கும். "கிறீர்களா" இருக்கிறவரை "உங்களுக்கு" போயும் போகவில்லை. இங்கிலீஷில் ஒரு வார்த்தையை வெட்டினால் வேலை முடிந்தது, நமக்கு வாலையும் வெட்டவேண்டும். அதே ஜாதிதான் "உங்களைப் போன்ற பெரியவர்களுக்கு". பெரியவர்களுக்கு என்றால் பரவாயில்லை. "உங்களைப் போன்ற" என்று சேர்த்தால் நீ கிழவன் என்று முகத்துக்கு நேராகச் சொன்ன மாதிரி.

இன்னொன்று. "மூட்டுவலியா?" என்று மொட்டையாக, முன்னிலையே இல்லாமல் போட்டதும் எனக்கு ஒருமுறை திரும்பி வந்திருக்கிறது. அந்தக் கேள்விக்குறியே விரலை நீட்டுகிற மாதிரிதான் இருக்கிறது.

5 பிப்ரவரி, இரவு 10.30

இங்கே ஒருவர் சொல்லியிருக்கிற யோசனையைத் தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். எழுத்துக்கு நடுவில் புள்ளி வைத்து "மூ.ட்டு.வ.லி" என்று போட்டால் மெஷின் ஏமாந்துவிடும் என்கிறார். நானும் அப்படி நம்பி மண்ணைக் கவ்வியவன்.

2022, ஏப்ரல் கடைசி, நல்ல சீசன். வில்பட்டிப் பக்கம் ஒருவருக்குத் தேன் விளம்பரம். "சர்க்கரை உள்ளவர்களும் தாராளமாகச் சாப்பிடலாம், சுத்தமான மலைத்தேன்" என்பது அவர் எழுதிக் கொடுத்த வாசகம். திரும்பி வந்தது. வீடியோவில் பாடம் நடத்துகிற ஒரு விளம்பர வாத்தியார் இந்தப் புள்ளி வித்தையைச் சொல்லியிருந்தார். "ச.ர்.க்.க.ரை" என்று உடைத்துப் போட்டேன். பாஸ்! ஒன்றரை நாள் ஓடியது. டீக்கடையில் நாலு பேரிடம் பெருமையடித்தேன்.

இரண்டாம் நாள் விளம்பரம் மட்டும் போகவில்லை, அக்கவுண்டே பூட்டிக்கொண்டது. நோய் பற்றி எழுதினால் அந்த விளம்பரத்தைத் திருப்புவார்கள், அவ்வளவுதான். மெஷினை ஏமாற்றப் பார்த்தால் அது தனிக் குற்றம், பரிசோதனையைச் சுற்றிக்கொண்டு போவது என்று விதியில் தனிப் பிரிவே இருக்கிறது. புள்ளி, நட்சத்திரம், நடுவில் விசித்திர எழுத்து எல்லாம் அதில் அடக்கம். பூட்டியபிறகு வேறு பெயரில் புது அக்கவுண்ட் திறப்பதும் அதே கணக்கில் வரும். அதையும் செய்தேன். அதுவும் போனது.

எந்தத் தளம் என்று கேட்காதீர்கள். இந்த விஷயத்தில் எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டை, தப்பும் என்னுடையது. வலித்தது என்ன தெரியுமா? ஏழு கடைக்காரர்களின் விளம்பரத்தையும் என் ஒரே அக்கவுண்டில்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். தேன்காரருக்காக நான் வைத்த புள்ளியில் சாக்லேட் கடைக்காரருக்கும் காட்டேஜ்காரருக்கும் சீசன் போனது. அடையாள அட்டை அனுப்பி, முகத்தை வீடியோ எடுத்து அனுப்பி, திறந்து கிடைக்கும்போது மலையில் மழை இறங்கியிருந்தது. அதிலிருந்து ஆளுக்கு ஒரு அக்கவுண்ட், அவரவர் பெயரில், அவரவர் போனில். எனக்கு உள்ளே வந்து வேலை பார்க்கிற அனுமதி மட்டும்.

அதைவிட, அந்த வாசகமே தப்பு. தேனில் எண்பது சதவீதத்துக்குக் கிட்ட சர்க்கரைதான். சர்க்கரை வியாதிக்காரர் "தாராளமாக" சாப்பிட்டால் என்ன ஆகும்? எனக்கு அது அன்றைக்கு உறைக்கவே இல்லை. பாஸ் ஆகுமா ஆகாதா என்பதே கவலையாக இருந்தது.

6 பிப்ரவரி, காலை 8.00

மறுபரிசீலனை கேட்கலாமா என்று கேட்டவருக்கு: கேட்கலாம், கேட்பதால் கெடுதல் இல்லை. விதிக்குள் இருக்கிறது என்று நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும் கேளுங்கள். அதையே நகலெடுத்து நகலெடுத்து அனுப்பாதீர்கள். திரும்பத் திரும்ப ரிஜெக்ட் ஆனால் அக்கவுண்டுக்குக் கெட்ட பெயர். எழுத்து, படம், லிங்க், யாருக்குக் காட்டுவது, இவற்றில் கை வைத்தால் மறுபடி பரிசோதனைக்குப் போகும். பணத்தைக் கூட்டினால் குறைத்தால் போகாது.

8 பிப்ரவரி, இரவு 9.15

பூம்பாறைக்காரர் ஒருவர் மலைப்பூண்டைப் பற்றிக் கேட்டிருக்கிறார். "கொழுப்பைக் கரைக்கும், இதயத்தைக் காக்கும், பிபி குறையும்" என்று போட்டாராம். 2019-ல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததே, அப்புறம் எதற்கு ரிஜெக்ட் என்கிறார்.

புவிசார் குறியீடு என்பது இந்தப் பூண்டு இந்த மலையில் விளைந்தது என்பதற்குத்தான். அது டாக்டர் சர்டிபிகேட் இல்லை அண்ணாச்சி. "கொழுப்பைக் கரைக்கும்" என்றதும் உடம்பு இளைக்கிற சரக்கு என்று மெஷின் எடுத்துக்கொண்டிருக்கும். அந்த வகை விளம்பரத்தை மெட்டாவில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத்தான் காட்டலாம். முன்னால் இப்படி, பின்னால் இப்படி என்று பக்கத்தில் பக்கத்தில் படம் வைக்கவும் கூடாது.

அமெரிக்காக்காரன் விதி என்று திட்டுகிறவர்களுக்கு ஒரு செய்தி. நம்ம நாட்டிலேயே 1954-ல் ஒரு சட்டம் வந்தது. மருந்து, மந்திரத்தால் குணமாக்குகிறேன் என்று விளம்பரம் செய்வதைத் தடுக்கிற சட்டம். அதன் பட்டியலில் 54 நோய்கள். சர்க்கரை, இதய நோய், ரத்த அழுத்தம், வாதம், உடல் பருமன், காய்ச்சல், ஆண்மைக்குறைவு எல்லாம் உண்டு. பிளேக்கும் பெரியம்மையும்கூட இன்னும் அதில் உட்கார்ந்திருக்கின்றன. ஆள் உயரம் கூட்டுவதும் உண்டு! முதல் தடவை மாட்டினாலே ஆறு மாதம் வரை உள்ளே போடலாம். பஸ் ஸ்டாண்ட் சுவர், லாட்ஜ் அறை நம்பர் போட்ட நோட்டீஸ், சேலம் வைத்தியர், இதெல்லாம் பார்த்தே வளர்ந்ததால் நமக்கு அது குற்றம் என்றே தோன்றவில்லை. போலீஸ் அந்த நோட்டீஸைக் கிழிக்கவில்லை, மெஷின் கிழிக்கிறது.

9 பிப்ரவரி, காலை 6.50

நேற்று எழுதியதில் ஒரு ஓட்டை. அந்த 1954 சட்டம் மருந்துக்கு. பூண்டு சாப்பாட்டுச் சாமான். உணவுக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 விளம்பர விதிமுறை இருக்கிறது. உணவு நோயைத் தடுக்கும், குணமாக்கும் என்று அதிலும் சொல்லக் கூடாது. பாக்கெட் போட்டு விற்றால் அந்த ஆணையம் தருகிற 14 இலக்க உரிம எண்ணையும் மறக்காதீர்கள். முடிவு ஒன்றுதான், ஆனால் சட்டத்தை மாற்றிச் சொன்னேன். தைலத்துக்கு நேற்றுச் சொன்னது அப்படியே பொருந்தும்: மருந்து என்று நீயே சொன்னால் மருந்துக்கான உரிமம் எங்கே என்று கேட்பார்கள்.

வடுகபட்டிச் சந்தையில் மலைப்பூண்டு கட்டைப் பிரித்ததும் ஆள் திரும்பிப் பார்ப்பான். அந்தக் காரத்தைப் பற்றி எழுதுங்கள். ஒரு பல்லைத் தட்டிப் போட்டால் ரசம் எப்படி மணக்கும் என்று எழுதுங்கள். இதயம் தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும்.

16 பிப்ரவரி, மாலை 5.30

ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு சிரிப்பு. கொட்டகையில் சிப்பிக்காளான் வளர்க்கிறார் ஒரு அண்ணன். விளம்பரம் கேட்டார். வாசகம் அவருடையதேதான்: "கொடைக்கானல் காளான். ரகசியப் பேக்கிங், வீடு தேடி வரும். ஒருமுறை சாப்பிட்டால் மறக்கமாட்டீர்கள்."

போதைப்பொருள் என்று திரும்பி வந்தது.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "எம்பேரன் சாப்பிடுறான்யா இதை" என்கிறார். கொடைக்கானல், காளான், இந்த இரண்டு சொல்லும் அடுத்தடுத்து வந்தால் வெளியூர்ப் பையன்கள் என்ன நினைப்பார்கள் என்று அவருக்குத் தெரியாது. நமக்குத் தெரியும். போதைக்காளானில் இருக்கிற சைலோசைபின், 1985 போதைப்பொருள் சட்டப்படி தடைசெய்யப்பட்ட சரக்கு. அதைத் தேடிக்கொண்டு கடையில் வந்து ஜெராக்ஸ் எடுக்கிற சாக்கில் விசாரிக்கிறவர்களே உண்டு.

"ரகசியப் பேக்கிங்" எதற்கண்ணே என்று கேட்டேன். "காத்துப் புகாம நல்லா மூடித் தர்றேன்ல, அதான்" என்றார்.

மாற்றிப் போட்டது: "சிப்பிக்காளான், 200 கிராம், காலையில் பறித்தது." படம் அவர் வீட்டம்மா செய்த காளான் பிரட்டல், வாழை இலையில். இரண்டு மணி நேரத்தில் பாஸ். "மறக்கமாட்டீர்கள்" மட்டும் வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

2 மார்ச், மதியம் 1.10

படத்தில் 20 சதவீதத்துக்கு மேல் எழுத்து இருக்கக் கூடாது என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அது பழங்கதை. பேஸ்புக்கில் அந்த விதி இருந்தது உண்மை, 2020-ல் எடுத்துவிட்டார்கள். என் முதல் விளம்பரமே அதில்தான் ரிஜெக்ட் ஆனது. 2018, குறிஞ்சி பூத்த வருஷம். காட்டேஜுக்காகப் போட்டது. நீலமாகச் சரிவு, அதன் நட்ட நடுவில் "12 ஆண்டுக்கு ஒருமுறை!!!" என்று மஞ்சளில். பூ தெரியவில்லை, எழுத்துத்தான் தெரிந்தது.

2 மார்ச், மதியம் 3.40

பழைய மெயிலைத் தோண்டிப் பார்த்தேன். ரிஜெக்ட் ஆகவில்லை. 2018-ல் எழுத்து அதிகமென்றால் ஆட்களுக்குக் குறைவாகக் காட்டுவார்கள், அவ்வளவுதான். ஓடியிருக்கிறது, சீந்துவாரில்லை. ஏழு வருஷமாக ரிஜெக்ட் என்றே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன்.

இதே மாதிரி இன்னொரு குழப்பமும் நினைவுக்கு வருகிறது. 2021 அக்டோபரில் விளம்பரம் எல்லாம் ஒரே நாளில் நின்றது. ரிஜெக்ட் என்று நினைத்து வாசகத்தை மாற்றி மாற்றி மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் பார்த்தால் கார்டு. தானாகப் பணம் எடுப்பதற்கு ரிசர்வ் வங்கி அந்த மாதம் புது விதி கொண்டுவந்திருந்தது, என் கார்டில் பணம் போகவே இல்லை. அதன்பிறகு முன்கூட்டியே யுபிஐயில் போட்டுவைக்கிறேன். விளம்பரம் நின்றால் முதலில் என்ன சொல்லி நின்றது என்று படியுங்கள். நான் படிக்கவில்லை.

அடுத்த குறிஞ்சி 2030. அந்தப் படத்தில் எழுத்தே இருக்காது.

13 ஏப்ரல், இரவு 8.20

சீசன் வந்துவிட்டது, கேள்விகளும் வந்துவிட்டன. ரெண்டே ரெண்டுக்குப் பதில்.

டாக்ஸி ஸ்டாண்ட் தம்பி "இ-பாஸ் உடனடியாக எடுத்துத் தரப்படும்" என்று கூகுளில் விளம்பரம் போடப் பார்த்தானாம். ஆகாது. அரசாங்கத்திடம் நேரே வாங்கக்கூடிய ஆவணத்தை இடையில் நின்று வாங்கித் தருகிறேன் என்கிற விளம்பரத்துக்குக் கூகுளில் கட்டுப்பாடு இருக்கிறது. 2024 மே 7-லிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வருகிற வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம், அது உயர் நீதிமன்ற உத்தரவு. எடுப்பது இலவசம். இலவசத்துக்கு இருநூறு வாங்கலாம் என்று பார்த்திருக்கிறான், ரிஜெக்ட் ஆனது நல்லதுக்குத்தான். டாக்ஸியை விளம்பரம் பண்ணு தம்பி, பாஸை இலவசமாகச் சொல்லிக் கொடு.

காட்டேஜ் வைத்திருக்கிற அக்கா ஒருவர் நல்ல மனசோடு எழுதியது: "சோலைக்காடுகளை அழிக்கும் சக்திகளுக்கு எதிராக நாம் எழுவோம்! எங்கள் காட்டேஜில் 20 சதவீதத் தள்ளுபடி." அறை வாடகை விளம்பரம்தான், ஆனால் மெஷினுக்கு மேடைப் பேச்சாகப் பட்டிருக்கிறது. சுற்றுச்சூழல் அரசியலும் மெட்டாவின் சமூகப் பிரச்சினைப் பட்டியலில் இந்தியாவுக்கு உண்டு. அந்த வகை விளம்பரத்துக்கு யார் என்று அடையாளம் காட்டி முன்கூட்டியே அனுமதி வாங்கவேண்டும், யார் பணம் கட்டினார்கள் என்ற வரியும் கூடவே வரவேண்டும். யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய மெட்டாவின் விளம்பர நூலகத்தில் ஏழு வருஷம் கிடக்கும். அக்காவிடம், எழுவோம் என்பதைத் தனிப் பதிவாகப் போடுங்கள், தள்ளுபடியைத் தனி விளம்பரமாகப் போடுங்கள் என்றேன். சாதாரணப் பதிவுக்கு இருக்கிற விதி வேறு, காசு கட்டிக் காட்டுகிற விளம்பரத்துக்கு இருக்கிற விதி வேறு. நம்ம பேஸ்புக் பக்கத்தில் கிடக்க விடுகிற பதிவைக்கூட விளம்பரமாக்க விடாமல் போகலாம்.

அக்கா கேட்டார், "அப்ப சோலைக்கு ஆள் வேணாம், ரூமுக்குத்தான் ஆள் வேணுமா?" எனக்குப் பதில் வரவில்லை. சீகை (வாட்டில்) மரம் சோலையையும் புல்வெளியையும் தின்றுகொண்டே வருவதை இங்கே கண் முன்னால் பார்க்கிறோம். ஆனால் அதற்கு அவர் பெயரில் அனுமதி வாங்கித் தனியாகப் போடலாம். போடுகிறாராம். ஆவணங்களை என் கடையில்தான் ஸ்கேன் எடுத்தார்.

20 ஏப்ரல், காலை 11.00

முதல் நாள் "தமிழ் காரணம் இல்லை" என்று அடித்துச் சொன்னேன். கொஞ்சம் இறங்கி வருகிறேன். தைல வாசகத்தை இங்கிலீஷில் மொழிபெயர்த்துப் போட்டுப் பார்த்தேன், அதுவும் திரும்பி வந்தது. ஆக அதில் தமிழுக்குப் பங்கில்லை. ஆனால் சாக்லேட் கடைப் பையன் "கொல மாஸ் ஆஃபர்" என்று போட்டது வன்முறை என்று வந்தது. மறுபரிசீலனை கேட்டோம், மறுநாளே பாஸ். யாரோ தமிழ் தெரிந்த மனுஷன் பார்த்துச் சிரித்திருப்பான் என்று நினைக்கிறேன்.

27 ஏப்ரல், இரவு 11.15

தூக்கம் வரவில்லை, ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது.

இங்கே நான் இதுவரை எழுதியதெல்லாம் எப்படிப் பாஸ் ஆவது என்பதுதான். விற்பது எப்படி என்று எழுதவே இல்லை. மாமா பையனும் தைலம்தான் விற்கிறான். அவனுக்காக இரண்டு விளம்பரம் போட்டேன், ஆளுக்கு ஐந்நூறு ரூபாய், ஜிஎஸ்டி 18 சதவீதம் தனி. முதலாவது நல்ல பிள்ளை மாதிரி: பெயர், அளவு, விலை, டெலிவரி. உடனே பாஸ். மூன்று பேர் விசாரித்தார்கள், ஒருவர் வாங்கினார். அந்த ஒருவரும் எங்கள் சொந்தம்.

இரண்டாவது, எழுத்தே அதிகமில்லாத வீடியோ. விடியற்காலை, கொதிகலனில் தழையைத் திணிக்கிறான். கீழே விறகு. ஆவி குழாய் வழியாகத் தண்ணீர்த் தொட்டிக்குள் போய்க் குளிர்ந்து சொட்டுகிறது. தண்ணீர் கீழே நிற்க, எண்ணெய் மேலே மிதக்கிறது. அதை அவன் பாட்டிலில் இறக்குகிறபோது மூக்கைச் சுளிக்கிறான், கண்ணில் தண்ணீர். நடிக்கவில்லை, பக்கத்தில் நின்றால் அப்படித்தான் எரியும். முடிவில் ஒரே வரி: "பெருமாள்மலைக்கு மேலே, இன்று காலை." அதற்குச் சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் போன் வந்தது. ஒருவர் பள்ளிக்கூட டூருக்கு வந்தபோது முகர்ந்த வாசம் என்றாராம். எதற்கு நல்லது என்று அவர் கேட்கவே இல்லை.

பிப்ரவரி 3 காலையில் மாமாவைப் பற்றி எழுதினேனே, அதில் ஒரு விஷயம் விட்டுப்போனது. அந்தம்மாவிடம் இடுப்பா என்று கேட்பதற்கு முன்னாலேயே மாமா அவர் புறங்கையில் ஒரு சொட்டு வைத்துத் தேய்த்துவிடுவார். பஸ்ஸில் வாந்தி எடுத்து வந்திருப்பார்கள், வாசம் ஏறியதும் முகம் தெளியும். பேச்சு அதற்குப் பிறகுதான். நான் சின்னப் பையனாகப் பக்கத்தில் நின்றதால் எனக்குப் பேச்சு மட்டும் ஞாபகம் நின்றிருக்கிறது. கையைப் பிடித்தது பேசுவதற்கு இல்லை போல.

ஆனால் திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் பக்கத்துப் பெரியவர்கள் யாரும் அந்த வீடியோ பார்த்துப் போன் பண்ணவில்லை. அவர்களுக்கு, வலிக்குக் கேட்கும் என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்லவேண்டும். அதைச் சொல்ல முடியாது. அந்த வியாபாரம் ஏழுரோட்டிலேயே நடக்கட்டும். ஐந்நூறு ரூபாய் விளம்பரம் இரண்டை வைத்துக்கொண்டு இவ்வளவு பேசுவதும் அதிகம்தான்.

28 ஏப்ரல், காலை 6.30

ராத்திரி எழுதியதில் "ஆளுக்கு ஐந்நூறு" என்று இருக்கிறது. விளம்பரத்துக்கு ஐந்நூறு. ஆளுக்கு இல்லை.

26 மே, மாலை 7.00

பூக்காட்சி நேரம், ஏழுரோட்டில் நிற்க இடமில்லை, நெட்டும் நகரவில்லை. ஆனாலும் தம்பியின் விளம்பரம் என் போனில் வந்தது. முழங்கால் இல்லை, கேள்விக்குறி இல்லை. அவன் அப்பா தழைக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு சரிவில் இறங்கி வருகிறார். நன்றாக இருக்கிறது. முதல் அனுப்புதலிலேயே பாஸ் ஆனதாம்.

கீழே கமெண்டைத் திறந்தேன். ஒரு அக்கா, "மூட்டுவலிக்குக் கேக்குமா?" அதற்கு நம்ம தம்பி, "ஒரே வாரத்துல பறந்துரும்க்கா."

அதை இப்பவே அழி. விளம்பரத்தில் சொல்லாததை விளம்பரத்துக்குக் கீழே சொன்னால் யாராவது புகார் கொடுக்கிற வரைக்கும்தான் நிம்மதி. அதோடு அது உனக்கும் தெரியாத விஷயம், ஒரு வாரத்தில் யாருக்கு எது பறந்தது என்று நீ பார்த்தாயா? "நல்லா காரமா வாசமா இருக்கும்க்கா, வலி நாள்பட்டதுன்னா டாக்டர்ட்ட காட்டிருங்க" என்று போடு.

அந்த அக்கா எனக்குப் பெரியம்மா மகள். டாக்டரிடம் போகவேமாட்டாள். ரெண்டு பாட்டில் வேண்டுமாம், என் கடையில் கொடுத்துவிடு. காசு நான் தருகிறேன்.